மழைக்கு முன் கேபினட்டைத் திறங்கள்!

ஆண்டுக்கு இரண்டு பருவமழை பார்க்கும் ஊர் குமரி மாவட்டத்துத் தக்கலை. ஜூன் பிறந்தால் இடவப்பாதி எனப்படும் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. அதற்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் சாயங்கால இடிமழை. ஒரு பக்கம் குளச்சல் கடல், மறுபக்கம் வேளிமலை. இந்த ஈரக்காற்றில் ரப்பரும் தென்னையும் தழைக்கின்றன. வீட்டு மூலையில் துணி போர்த்தி வைத்த கணினியை இதே காற்றுதான் அரிக்கிறது.

அந்தக் கணினி பல வீடுகளுக்கு அரசு வழியாக வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று முதல்வர் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் கையில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் மூலம் பல லட்சம் மடிக்கணினிகளைக் கொடுத்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்டு டிஸ்க். அதை வாங்கிய பிள்ளைகள் படித்து முடித்து பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். மடிக்கணினி பீரோவுக்குள் கிடக்கிறது. கேட்டால், “அது ஸ்லோ, ஹேங் ஆகுது, போட்டா ஓடாது” என்பதே பதில்.

அவற்றில் பல இன்னும் ஓடும். வீட்டுக் கணினி பெரும்பாலும் மூப்பால் நிற்பதில்லை. தூசியும் ஈரமும் சேர்ந்து அடைத்த விசிறி, சரியில்லாத மின்சாரம், தேய்ந்துபோன ஹார்டு டிஸ்க் ஆகியவைதான் அதை நிறுத்துகின்றன. மூன்றுக்கும் மருந்து உண்டு. பாதியை வீட்டிலேயே செய்யலாம், மீதியை உள்ளூர் சர்வீஸ் கடையில் குறைந்த செலவில் முடித்துவிடலாம்.

தூசியும் ஈரமும்

தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நடுப்பகலில் நுழைகிறவர்கள் உள்ளே இருக்கும் குளிர்ச்சியை உடனே உணர்வார்கள். மரச்சட்ட ஜன்னல்கள் வழியே காற்று நுழைந்து வெளியேறும்படி அதைக் கட்டிய தச்சர்கள் வழி விட்டிருக்கிறார்கள். கணினி கேபினட்டும் அதே ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. முன்பக்கம் குளிர்ந்த காற்று நுழைய வேண்டும், பின்பக்கம் சூடான காற்று வெளியேற வேண்டும். கேபினட்டைச் சுவரோடு ஒட்டிவைத்தோ, மேசையின் மூடிய அறைக்குள் திணித்தோ அந்த வழியை அடைத்தால் உள்ளே சூடு ஏறும். பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடேறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும். ‘வைரஸ் வந்துவிட்டது’ என்று பலர் நினைக்கும் கோளாறில் ஒரு பங்கு வெறும் தூசிதான்.

ஆண்டுக்கு இருமுறை, அதாவது மே மாதத்திலும் செப்டம்பரிலும், கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்தால் இரண்டு மழைக்கும் அது தயார். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து பதினைந்து வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது. நம் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்காமல் இருக்க அது உதவும். மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷும் புளோயரும் போதும். புளோயர் அடிக்கும்போது விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் அடித்தால் அது வெறிபிடித்துச் சுழன்று பேரிங் போய்விடும். ஈரத்துணி கூடவே கூடாது. பிராசசரின் மேலுள்ள தெர்மல் பேஸ்ட் சில ஆண்டுகளில் காய்ந்து கட்டியாகிவிடும். அதைத் துடைத்துவிட்டு பட்டாணி அளவு புதிய பேஸ்ட் வைத்தால் சூடு வெகுவாகக் குறையும். பழக்கமில்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளட்டும்.

ஒரு பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கக் கூடாது. அது கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். 230 வோல்ட் மாறுமின்சாரம் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்மின்சாரமாக மாறி கெபாசிட்டரில் தேங்கி நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் அது அங்கேயே இருக்கும். வெளியிலிருந்து புளோயர் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மழைக்காலத்தில் அதிகம் கேட்கும் புகார், “விசிறி சுத்துது, டிஸ்ப்ளே வரல்ல” என்பது. இதற்கு மிகப் பெரும்பாலும் காரணம் ரேமின் தங்கநிறப் பற்களில் படிந்த ஈரமும் அழுக்கும்தான். ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ‘க்ளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால் படம் வந்துவிடும். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும், ஆகவே கை மெதுவாக இருக்கட்டும். கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பழைய ஆண்டைக் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறானால் வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். சின்ன பேட்டரி ஒன்றை மாற்றினால் தீர்கிற விஷயம் இது. இதற்காக ‘ஃபார்மட்’ அடிக்க வேண்டியதில்லை.

பயன்படுத்தாத கணினிதான் இந்த ஊரில் முதலில் கெடுகிறது. ஓடும் கணினி தன் சூட்டிலேயே தன்னைக் காய வைத்துக்கொள்கிறது. பூட்டிவைத்ததில் ஈரம் இறங்கி, செம்பு பச்சை பூத்து, எறும்பும் பல்லியும் குடியேறுகின்றன. மழை மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரமாவது ஓட விடுவது நல்லது. சாரல் அடிக்கும் ஜன்னலோரத்திலிருந்தும் தரையிலிருந்தும் அதை எடுத்துவிட வேண்டும்.

இடி, மின்னல், எர்த்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டபோது ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில் கணினிக்கு ஆபத்து மின்சாரம் போகும்போது மட்டும் வருவதில்லை, திரும்பி வரும் நொடியிலும் வருகிறது. வரும்போது அழுத்தம் ஏறி இறங்கும். கரண்ட் போனதும் கணினியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுவது எந்தச் செலவும் இல்லாத பாதுகாப்பு.

இடி இடிக்கும்போது பலர் மெயின் சுவிட்சை மட்டும் அணைக்கிறார்கள். அது போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியை மின்னலின் அழுத்தம் எளிதில் தாண்டிவிடும். இடி நெருங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்குவதே பாதுகாப்பு. கூடவே இன்டர்நெட் லேன் கேபிளையும் கழற்ற வேண்டும். ஃபைபர் இழை கண்ணாடிதான், அதன் வழியே மின்சாரம் வராது. ஆனால் மோடத்துக்குப் போகும் அடாப்டர் வழியே வரும். அங்கிருந்து லேன் கம்பி வழியே மதர்போர்டுக்குள் இறங்கும். மின்னலுக்குப் பிறகு ‘எல்லாம் ஓடுது, நெட் மட்டும் இல்லை’ என்றால் லேன் போர்ட் எரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபிள் டி.வி. வயர் கணினியோடு இணைந்திருந்தால் அதற்கும் இதே விதி.

கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது என்பது இன்னொரு பழகிப்போன புகார். பழகிவிட்டதாலேயே யாரும் கவனிப்பதில்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாசலில் மின்இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் இருக்கின்றன. அவை கசியவிடும் மிகச் சிறு மின்னோட்டம் எர்த் கம்பி வழியே தரைக்குப் போக வேண்டும். எர்த் இல்லாவிட்டால், அல்லது மூன்று முள் பிளக்கை இரண்டு முள் சாக்கெட்டில் சொருகினால், அது கேபினட்டிலேயே நின்று, 230 வோல்ட்டில் பாதியளவு அழுத்தத்தோடு, தொடுகிற விரலைத் தேடும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளைக்கு அது விளையாட்டல்ல. கெபாசிட்டர் பழுதானால் கசிவு பெருகும். சரள் மண்ணில் தோண்டிய எர்த் குழி கோடையில் காய்ந்து வேலை செய்யாமல் போவதுண்டு. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், எலெக்ட்ரீஷியனை அழைத்து ஒருமுறை அளந்து பார்ப்பதும் கணினிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே செய்ய வேண்டிய வேலை.

யு.பி.எஸ். வாங்குகிறவர்கள் அதன் பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸுக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி. கோப்பைச் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கத்தான் அது. மணிக்கணக்கில் வேலை செய்ய அல்ல. இரண்டு மூன்று ஆண்டில் அது ஓய்ந்துவிடும். மாதம் ஒருமுறை யு.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் அதன் உண்மை நிலை தெரிந்துவிடும். லேசர் பிரின்டரை மட்டும் யு.பி.எஸ்.ஸில் மாட்டக் கூடாது. அது தன் உருளையைச் சூடேற்றும் நொடியில் இழுக்கும் மின்சாரத்தை இந்தச் சின்ன பேட்டரி தாங்காது.

வேகம் எங்கே போனது?

புதிய கணினி வாங்குவதற்கு முன் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்திப் பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டிஸ்க்’ என்ற பத்தி, சும்மா இருக்கும்போதும் 100 சதவீதத்தில் நின்றால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். ‘மெமரி’ பத்தி வழக்கமான வேலையிலேயே 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை. இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் கடைக்காரர் சொல்வதை நம்பிப் புதிதாக வாங்குவது பணத்தை வீணாக்குவது.

மடிக்கணினியின் பழைய ஹார்டு டிஸ்க்கில் தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது வினாடிக்கு 90 சுற்று சுழலும். ஒரு தகவலை எடுக்க முனை நகர்ந்து, தட்டு சுழன்று அந்த இடம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்படிச் சிதறிக் கிடக்கும் தகவலை வினாடிக்கு நூறு இடங்களிலிருந்துகூட அதனால் எடுக்க முடியாது. அதற்கு மாற்றான எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் இடங்களைத் தொடும். விண்டோஸ் திறப்பது இப்படிச் சிதறிய ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் திரட்டும் வேலை என்பதால், ஐந்து நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்தில் திறக்கிறது. வீட்டுக் கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அது எஸ்.எஸ்.டி.யாகவே இருக்க வேண்டும். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி., பழைய மடிக்கணினியில் ஹார்டு டிஸ்க் இருந்த அதே இடத்தில் அப்படியே உட்காரும். 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. கேஸில் போட்டால் அது காப்புப் பிரதிக்கு உதவும்.

ரேம் விஷயத்தில் அவசரம் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு மெமரி சிப்புகள் குவிந்து போவதால் 2025-இன் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியது. எஸ்.எஸ்.டி.யும் தப்பவில்லை. பழைய கணினிக்குத் தேவை டி.டி.ஆர். 3 ரகமா, 4 ரகமா என்பதைப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. டி.டி.ஆர். 3 ரேம் இப்போது பழைய பொருளாகத்தான் அதிகம் கிடைக்கும். மாட்டி, ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘2 டி.பி. பென்டிரைவ்’ பக்கம் போகவே வேண்டாம். அதற்குள் இருப்பது சில ஜி.பி. மட்டுமே, மிச்சத்தை எழுதும்போது பழையது அழியும்.

வன்பொருளைத் தொடாமலும் வேகம் மீட்கலாம். டாஸ்க் மேனேஜரின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் கணினி திறக்கும்போதே ஓடத் தொடங்கும் செயலிகளின் பட்டியல் இருக்கிறது. தேவையில்லாதவற்றை நிறுத்தினாலே மூச்சு விடும். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்க வேண்டும். இரண்டு ஆன்டிவைரஸ் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைப்பது தவறு. இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக் கணினியை மந்தமாக்கிவிடும். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரே வீட்டுக்குப் போதும்.

விண்டோஸ் 10 முடிந்த பிறகு

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை தருவதாக அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசர் வேண்டும். எல்காட் கொடுத்த பழைய மடிக்கணினிகள் அந்த வாசலைத் தாண்டாது.

பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லாத விண்டோஸை இணையத்தில் இணைத்து வைப்பதன் விலையை 2017 மே மாதம் உலகம் பார்த்தது. வான்னாக்ரை என்ற மிரட்டல் நிரல் ஒரே வார இறுதியில் உலகெங்கும் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கணினிகள்கூட அதில் சிக்கின. ஊரில் ‘கிராக்’ போட்ட விண்டோஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். கிராக் வேலை செய்வதற்காக டிஃபெண்டரை நிறுத்தச் சொல்வார்கள். காவல் இல்லாத வாசல் வழியே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது பெரும் துணிச்சல்.

வழி இருக்கிறது. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக, விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். கேரள அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே ஒரு லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. சென்னை சி-டாக் நிறுவனம் 2007-இல் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. உமாசங்கர் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. இன்று 4 ஜி.பி. ரேம் உள்ள கணினியில் லினக்ஸ் மின்ட் நன்றாக ஓடும். 2 ஜி.பி. என்றால் லுபுன்டு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். தமிழ்த் தட்டச்சு, லிப்ரே ஆபீஸ், யூடியூப், இணையவழி வகுப்புகள், மின்னஞ்சல் எல்லாம் கிடைக்கும். டாலி, கோரல் டிரா, ஃபோட்டோஷாப் வேண்டியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவர்கள் விண்டோஸ் 11 ஓடும் கணினிக்குப் போவதே சரி.

திரும்பக் கிடைக்காதவை

கணினி போனால் வேறு வாங்கலாம். அதற்குள் இருப்பதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. ஆகவே பல குடும்பங்களின் பழைய ஆதாரப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. கரையானும் ஈரமும் அந்தக் காகிதங்களைத் தின்பதற்கு முன் 300 டி.பி.ஐ. தரத்தில் ஸ்கேன் செய்து வைப்பது வீட்டுக் கணினியின் மிகப் பயனுள்ள வேலை. கல்யாண டி.வி.டி.களும் அப்படியே. இந்த ஈரத்தில் அவற்றின் பரப்பில் பூஞ்சை பிடித்து, ஒருநாள் எந்த பிளேயரும் படிக்காமல் போகும். இன்றே நகலெடுத்துவிடுங்கள். டி.வி.டி. டிரைவே அரிதாகிவிட்டது.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. காப்புப் பிரதிக்கு உலகெங்கும் சொல்லப்படும் விதி இது. கணினியில் ஒன்று, யு.எஸ்.பி. ஹார்டு டிஸ்க்கில் ஒன்று, கூகுள் டிரைவில் ஒன்று என்றால் கணக்கு சரி. கூகுள் டிரைவில் 15 ஜி.பி. இலவசம், பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் அது போதும். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களைப் புரட்டிய வெள்ளம், ‘வீட்டுக்கு வெளியே ஒன்று’ என்பதன் பொருளை எல்லோருக்கும் விளக்கிவிட்டது. நனைந்த கணினியை ‘ஓடுதா பார்ப்போம்’ என்று போடவே கூடாது. ஈரத்தில் பாயும் மின்சாரம்தான் பலகையை எரிக்கிறது. பேட்டரியைக் கழற்றி, ஹார்டு டிஸ்க்கைத் திறக்காமல் தகவல் மீட்பவரிடம் கொடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் காக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள், ஃபார்மட் அடித்துவிட்டு எழுத்துருவைத் திரும்பப் போடாவிட்டால் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருவையும் கோப்போடு சேர்த்து நகலெடுத்து, பிறகு யூனிகோடுக்கு மாற்றி வைக்க வேண்டும். 2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரநிலையாக அறிவித்துவிட்டது.

‘உங்கள் கணினியில் வைரஸ்’ என்று திரை முழுக்கச் சிவப்பாக எழுதி ஒரு தொலைபேசி எண் காட்டினால், அழைக்க வேண்டாம். அது மோசடி. பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால் போதும். ஏமாந்து பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் பணம் கை மாறிக்கொண்டே இருக்கும்.

தக்கலையைச் சுற்றி இதற்கெல்லாம் கை கொடுக்கக்கூடிய இளைஞர்களுக்குக் குறைவில்லை. குமாரகோவிலில் நூருல் இஸ்லாம் உயர்கல்வி மையம் இருக்கிறது, நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் குளத்தையும் கோயில் வளாகத்தையும் சுத்தம் செய்ய வருகிறார்கள். அவர்களைக் கொண்டே ஆண்டுதோறும் மே மாதத்தில், பத்மநாபபுரம் நகராட்சியோ நூலகமோ இடம் கொடுத்து, இரண்டு நாள் கணினி சர்வீஸ் முகாம் நடத்தலாம். வீடுகளில் கிடக்கும் எல்காட் மடிக்கணினிகளைச் சுத்தம் செய்து, லினக்ஸ் ஏற்றி, வேண்டாதவர்கள் கொடுப்பதைப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மாற்றிக் கொடுக்கலாம். செலவு பிரஷ், பேஸ்ட், சில காசு பேட்டரிகள்தான். கல்லூரி முதல்வர்களும் நகராட்சி நிர்வாகமும் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும், இடவப்பாதி தொடங்குவதற்கு முன்பே.